சோறா, சப்பாத்தியா, சிறுதானியமா: கிளைசெமிக் குறியீட்டைக் கொண்டு முடிவெடுப்பது எப்படி?

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 5.7-க்கும் 6.4-க்கும் இடைப்பட்ட எண் வந்துவிட்டால், மருத்துவமனையில் கேட்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் "சோற்றைக் குறையுங்கள்" என்பதாகவே இருக்கும். சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஒருவர் இரவில் சப்பாத்திக்கு மாறச் சொல்வார். இன்னொருவர் கேழ்வரகும் கம்பும்தான் மருந்து என்பார். மூன்றாமவர் சோற்றை விடவே வேண்டாம், கைக்குத்தல் அரிசி வாங்கினால் போதும் என்பார். ஒவ்வொருவரும் தம் பக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவது கிளைசெமிக் குறியீடு என்ற ஓர் எண்ணைத்தான். எனவே, இந்தத் தெரிவுகளை ஒப்பிடுவதற்கு முன்னால் அந்த எண் எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

இது ஏதோ சிலருடைய கவலையாக இருந்த காலம் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ‘இந்தியாப்’ (INDIAB) என்ற ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருக்கின்றன. அதாவது, மேலே சொன்ன உரையாடல் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு வீட்டில் தினமும் நடந்துகொண்டிருக்கிறது.

எண் எப்படி வருகிறது?

கிளைசெமிக் குறியீட்டை 1981-இல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் முன்வைத்தார்கள். அதுவரை மாவுச்சத்து மெதுவாகவும் சர்க்கரை வேகமாகவும் இரத்தத்தில் ஏறும் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அளந்து பார்த்தபோது சில மாவுப் பண்டங்கள் வெள்ளைச் சர்க்கரையைவிட வேகமாக ஏற்றின. அளக்கும் முறை எளியது. இரவெல்லாம் வெறும் வயிற்றோடு இருந்த, சுமார் பத்துப் பேருக்குச் செரிமானமாகக்கூடிய மாவுச்சத்து (இந்தக் கணக்கில் சர்க்கரையும் இதில் சேரும்) சரியாக 50 கிராம் இருக்கும்படி ஓர் உணவைக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சர்க்கரையை அளந்து, அதை ஒரு வளைகோடாக வரைகிறார்கள். அதே ஆட்கள் வேறொரு நாளில் 50 கிராம் குளுக்கோஸ் குடித்தபோது வந்த வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பை 100 என்று வைத்துக்கொண்டால், உணவின் பரப்பு அதில் எத்தனை சதவீதமோ அதுவே அந்த உணவின் குறியீடு. 55-ம் அதற்குக் கீழும் குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70-ம் அதற்கு மேலும் அதிகம் என்பது வழக்கத்திலிருக்கும் பிரிப்பு.

இந்தச் செய்முறையிலேயே ஒரு வரம்பு ஒளிந்திருக்கிறது: எல்லா உணவும் 50 கிராம் மாவுச்சத்து என்ற ஒரே அளவில்தான் ஒப்பிடப்படுகிறது, ஆனால் யாரும் அந்தக் கணக்கில் சாப்பிடுவதில்லை. சோற்றில் 50 கிராம் மாவுச்சத்து என்பது சுமார் 180 கிராம் சோறு. நம்மில் பலருக்கு அது மதியச் சாப்பாட்டின் முதல் சுற்றுகூட ஆகாது. தர்ப்பூசணியில் அதே 50 கிராமை எட்ட ஏறக்குறைய முக்கால் கிலோ பழம் தேவை. தர்ப்பூசணியின் குறியீடு 76 என்று அட்டவணையில் பார்த்துவிட்டு அதைத் தொடாமல் விடுகிறவர், குறியீடு 72 உள்ள சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு எழுந்தால் எண்ணை நம்பி ஏமாந்தவர் ஆகிறார்.

இந்தக் குறையைச் சரிசெய்யவே 1997-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கிளைசெமிக் சுமை என்ற இன்னொரு கணக்கைக் கொண்டுவந்தார்கள். தட்டில் உண்மையாக இருக்கும் மாவுச்சத்தின் எடையைக் குறியீட்டால் பெருக்கி நூறால் வகுத்தால் சுமை கிடைக்கும். ஓர் உணவுக்கு 10 வரை குறைவு, 11 முதல் 19 வரை நடுத்தரம், 20-ம் அதற்கு மேலும் அதிகம். 120 கிராம் தர்ப்பூசணியின் சுமை 5-ஐ ஒட்டித்தான் வரும். குறியீடு உணவின் வேகத்தைச் சொல்கிறது, சுமை வேகத்தோடு அளவையும் சேர்த்துச் சொல்கிறது. இந்தக் கட்டுரையின் ஒப்பீடுகளை நான் பெரும்பாலும் சுமையைக் கொண்டே செய்யப்போகிறேன்.

எண்ணின் துல்லியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே வெள்ளை ரொட்டியைப் பலருக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்து அளந்தபோது சராசரி 62 வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் அது குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற மூன்று வகையிலும் விழுந்தது. ஆகவே ஓர் அரிசிக்கு 68, இன்னொன்றுக்கு 71 என்று இருந்தால் அந்த மூன்று புள்ளி வேறுபாட்டை நம்பிக் கிலோவுக்கு இருமடங்கு விலை கொடுப்பதில் பொருளில்லை. பதினைந்து, இருபது புள்ளி வேறுபாடு என்றால் கவனிக்கலாம்.

அரிசிக்குள்ளேயே தேர்ந்தெடுப்பது

சோற்றை விடாமல், அரிசியை மட்டும் மாற்றுவது பலருக்கும் பிடித்த வழி. நாக்குக்கும் குடும்பத்துக்கும் அதிகச் சிரமம் கொடுக்காத வழியும் அதுதான். மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அளவீடுகளில் பொன்னிக்குச் சுமார் 70, சோனா மசூரிக்கு 72, சூரத்தி கோலத்துக்கு 77 வந்தன. நம் வீடுகளில் அதிகம் புழங்கும் வெள்ளை அரிசிகள் எல்லாமே "அதிகம்" என்ற பிரிவில் விழுகின்றன என்பதே இதிலிருந்து கொள்ள வேண்டியது. உலகளவில் பார்த்தால் வேறுபாடு இன்னும் விரிகிறது: சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2011-இல் 235 நெல் ரகங்களை ஆராய்ந்தபோது குறியீடு 48 முதல் 92 வரை பரவியிருந்தது, சராசரி 64.

இவ்வளவு பெரிய இடைவெளிக்கு முக்கியக் காரணம் அரிசி மாவுச்சத்தில் இருக்கும் அமைலோஸ், அமைலோபெக்டின் என்ற இரு கூறுகளின் விகிதம். அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிந்த மூலக்கூறு. செரிமான நொதிகளுக்குப் பல முனைகளிலும் பிடி கிடைப்பதால் விரைவில் குளுக்கோஸாக உடைகிறது. அமைலோஸ் நீண்ட, நெருக்கமாகச் சுருண்ட சங்கிலி; உடைய நேரமாகும். குழைந்து ஒட்டிக்கொள்ளும் அரிசியில் அமைலோஸ் குறைவு, உதிர் உதிராக நிற்கும் அரிசியில் கூடுதல். பாசுமதி பல அளவீடுகளில் பொன்னியைவிடக் கீழே நிற்பதற்குக் காரணம் இதுதான். கடையில் ரகத்தின் அமைலோஸ் அளவை யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் வடித்த சோற்றை விரலால் பிசைந்து பார்த்தால் ஒரு தோராயமான விடை கிடைத்துவிடும்.

புழுங்கல் அரிசிக்கு ஒரு நியாயமான சாதகம் உண்டு. நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்தும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்து ஒருமுறை குழைந்து மறுபடி இறுகுகிறது. அப்படி இறுகியதில் ஒரு பகுதி செரிமானத்துக்கு எளிதில் மசிவதில்லை. தவிட்டிலிருக்கும் தையமின் போன்ற பி வைட்டமின்களும் அந்த வேளையில் அரிசிக்குள் நகர்கின்றன. ஆகவே ஒரே ரகத்தில் பச்சரிசியையும் புழுங்கலையும் வைத்தால் புழுங்கலையே எடுப்பேன். ஆனால் நன்றாகப் பாலிஷ் போட்டு, குக்கரில் ஐந்து விசில் விட்டுக் குழைத்துவிட்டால் அந்தச் சாதகத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

கைக்குத்தல் அரிசி, அதாவது தவிடு நீக்காத பழுப்பரிசி, தராசில் அதிகம் எதிர்பார்க்கப்பட்டு ஓரளவே கொடுக்கும் தெரிவு. கிளைசெமிக் குறியீடுகளைத் தொகுத்த பன்னாட்டு அட்டவணையில் வெள்ளை அரிசியின் சராசரி 73, பழுப்பரிசியின் சராசரி 68. ஐந்து புள்ளிதான். ஆனால் சென்னையில் உடல் எடை கூடியவர்களை வைத்து நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், ஐந்து நாள்களுக்கு நாள் முழுதும் அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தபோது, வெள்ளை அரிசிச் சாப்பாட்டைவிடப் பழுப்பரிசிச் சாப்பாட்டில் சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது; பருப்பு, பயறு சேர்த்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது. நார்ச்சத்து, மெக்னீசியம், மென்று தின்னும் நேரம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. ஊறவைக்காமல் சமைத்தால் எளிதில் வேகாது, விலை அதிகம், தவிட்டு எண்ணெய் இருப்பதால் மூன்று மாதம் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். பெரியவர்களுக்கு மெல்லவும் கடினம். இந்தச் சிரமங்களால்தான் பல வீடுகளில் முதல் ஐந்து கிலோவோடு பழுப்பரிசிப் பழக்கம் நின்றுபோகிறது.

இதற்கு மாற்றாக மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் பிபிடி 5204 என்ற நெல் ரகத்திலிருந்து நார்ச்சத்து மிகுந்த ஒரு வெள்ளை அரிசியை உருவாக்கியது. அதன் குறியீடு சுமார் 61, ஒப்பிட்ட வழக்கமான வெள்ளை அரிசியின் குறியீடு 79. இது உண்மையில் கவனிக்கத் தகுந்த இடைவெளி. அதே வேளையில் 61 என்பதும் நடுத்தரப் பிரிவுதான். இதை வாங்கியதைக் காரணமாக வைத்து ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும். கடைகளில் "சர்க்கரை நோயாளிக்கான அரிசி" என்று வெறும் எழுத்தோடு வரும் பைகளில், எந்த ஆய்வகத்தில் எந்த முறையில் அளந்து என்ன எண் வந்தது என்று அச்சிடாதவற்றை நான் சாதாரண அரிசி என்றே எண்ணுவேன்.

பழைய சோற்றைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி படிகமாகி, சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தாக மாறுகிறது. சமைத்துக் குளிரவைத்து மறுபடி சூடாக்கிய சோறு, புதிதாக வடித்ததைவிடச் சற்றுக் குறைவாக ஏற்றுகிறது. பலன் உண்மையானது, ஆனால் சிறியது. ஒரு சட்டிப் பழையதைக் குடிக்க அது அனுமதிச் சீட்டு ஆகாது.

சப்பாத்தி

இரவில் சப்பாத்தி என்ற அறிவுரையின் பின்னால் ஒரு நல்ல எண் இருக்கிறது: பன்னாட்டு அட்டவணையில் சப்பாத்தியின் சராசரிக் குறியீடு 52. அதே அட்டவணையில் முழுக்கோதுமை ரொட்டிக்கு, அதாவது கடையில் பழுப்பு நிறத்தில் விற்கும் பிரட்டுக்கு, 74. தானியம் ஒன்றுதான், ஈஸ்டு போட்டு நுரைக்கவைத்துப் பஞ்சாக்கியதில் நொதிகளுக்குப் புகுவழி அதிகம், நீர் குறைவாக விட்டுப் பிசைந்து தேய்த்துச் சுட்ட தட்டையான சப்பாத்தியில் குறைவு. உடல்நலம் கருதி இட்லியை விட்டு பிரவுன் பிரட்டுக்கு மாறுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் சப்பாத்தி நம் வீடுகளில் வேலை செய்வதற்கு வேறொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன், அது குறியீட்டைவிட வலுவானது: சப்பாத்தியை எண்ணலாம். சோற்றைக் கரண்டியால் போடும்போது கரண்டியின் குழி எவ்வளவு, கூர் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. குழம்புக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று என்று போய், எழும்போது 350 கிராம் உள்ளே போயிருக்கும். சப்பாத்தி என்றால் இரண்டா மூன்றா என்பது தெரிந்தே இருக்கும். மூன்றுக்கு மேல் தொடர்ந்து ஐந்து, ஆறு என்று போகிறவருக்கு இந்தச் சாதகமும் இல்லை. உருளைக்கிழங்கு மசாலாவைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டால் மாவுச்சத்தின்மேல் மாவுச்சத்து. பரோட்டா இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது, அது மைதா.

இட்லியும் தோசையும்

காலையிலும் இரவிலும் இட்லி சாப்பிடுகிற வீட்டில் சிக்கல் வேறு. ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லாதது, புளித்தது என்பதால் இட்லிக்கு நல்ல பெயர். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அரிசியை ஊறவைத்து நைஸாக அரைத்து ஆவியில் வேகவைக்கும்போது மாவுச்சத்து முழுக்கக் குழைந்து, செரிமானத்துக்கு வெகு எளிதாகிவிடுகிறது. புளிப்பு அமிலமும் உளுந்தின் புரதமும் சற்றே வேகத்தைத் தணித்தாலும், குறியீடு 70-ஐ ஒட்டியே நிற்கிறது.

இங்கே சிறு மாற்றங்கள் பெரிய பலன் தருகின்றன. மாவில் அரிசியின் பங்கைக் குறைத்து உளுந்தைக் கூட்டலாம். அதைவிட நல்லது அடை: துவரை, கடலை, பாசி, உளுந்து என்று பருப்புகளைச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைப்பதால் மாவுச்சத்தும் குறைகிறது, துகளும் பெரிதாகிறது. பாசிப்பயறு தோசையில் அரிசியே தேவையில்லை. பயறு, பருப்பு வகைகளின் குறியீடு 24 முதல் 35 வரைதான்: கொண்டைக்கடலை 28, பருப்பு வகை 32, ராஜ்மா 24. இரவுச் சாப்பாட்டில் எதை மாற்றுவது என்று என்னைக் கேட்டால் தானியத்தை மாற்றச் சொல்வதற்கு முன்னால் அடைக்கு மாறச் சொல்வேன்.

சிறுதானியங்கள்

இப்போது மிக அதிகமாகப் பரிந்துரைக்கப்படுவது இவைதான். எண்களும் ஓரளவு துணை நிற்கின்றன: ஐதராபாத்தில் இயங்கும் இக்ரிசாட் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2021-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சிறுதானியங்களின் சராசரிக் குறியீடு 53-ஐ ஒட்டி வந்தது, பாலிஷ் போட்ட அரிசிக்கு அதே தொகுப்பில் 72. ஊட்டத்திலும் குறையில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து 11 கிராம், கால்சியம் 364 மில்லிகிராம். கம்பில் புரதம் 11 கிராம். பாலிஷ் அரிசியில் நார்ச்சத்து 2.8 கிராம்தான்.

ஆனால் சராசரி 53 என்பதை வைத்து ஒவ்வொரு சிறுதானிய உணவுக்கும் 53 என்று எண்ணிக்கொள்வது தவறு. இங்கே தானியத்தின் பெயரைவிட அது என்னவாக வந்து தட்டில் விழுகிறது என்பதே தீர்மானிக்கிறது. முழுச் சாமையைச் சோறாக வடித்தால் ஒரு கதை. கேழ்வரகை முளைகட்டி, வறுத்து, நைஸ் மாவாக்கி, நீரில் கரைத்துக் கொதிக்கவைத்துக் குடித்தால் வேறு கதை: மென்று தின்னும் வேலை இல்லை, துகள் மிக நுண்ணியது, நீரில் முழுக்கக் குழைந்த மாவு, வயிற்றிலிருந்து விரைவாக இறங்குவது என்று ஏற்றத்துக்கு வேண்டிய எல்லாமே அந்த டம்ளரில் இருக்கின்றன. கெட்டியாகக் கிளறிய களி அதைவிட மெதுவாக இறங்கும். அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டுத் தட்டிய அடை இன்னும் மேல். காலையில் நடைக்குப் போய்விட்டு வந்து ஒரு பெரிய சொம்பு கேழ்வரகுக் கஞ்சியைக் குடித்துவிட்டு, "சிறுதானியம்தானே சாப்பிடுகிறேன், ஏன் இறங்கவில்லை?" என்று வியப்பவர்களுக்கான விடை இந்த வரிசைக்குள் இருக்கிறது.

மாவுச்சத்தின் அளவையும் மறக்கக்கூடாது. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. கேழ்வரகில் 67, கோதுமை மாவில் 64, கம்பில் 62. அரிசியைவிடக் குறைவுதான், ஆனால் இவை எல்லாமே மாவுச்சத்து உணவுகள்தான். இந்தியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளியானபோது அதில் வந்த ஒரு முடிவு எனக்கு மிக முக்கியமாகப் பட்டது: இந்தியர்களின் ஆற்றலில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது; மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், பாலிஷ் தானியத்துக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை; மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தால் ஈடுசெய்தவர்களிடம் அது குறைவாக இருந்தது. தானியத்தை மாற்றுவதில் நாம் செலவிடும் கவனத்தில் பாதியை தானியத்தைக் குறைப்பதில் செலவிட்டிருக்கலாம் என்று இந்த முடிவைப் படித்தால் தோன்றும்.

ஓட்ஸைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தட்டை ஓட்ஸைக் கஞ்சியாக்கினால் 55; இரண்டு நிமிடத்தில் வேகும் பொடித்த வகை 79. வாங்கும்போது செதில்கள் பெரிதாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். கார்ன்ஃப்ளேக்ஸ் 81. ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, நாரும் புரதமும் இல்லாதது. இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

ஒரே தராசில் வைத்தால்

இப்போது தட்டுகளை அருகருகே வைக்கலாம். கணக்கு தோராயமானது, ஆனால் ஒப்பிட இது போதும். வழக்கமாக ஒருவர் மதியம் சாப்பிடும் 300 கிராம் பொன்னிச் சோற்றில் 84 கிராம் மாவுச்சத்து, சுமை 59. அதையே பாதியாக்கி 150 கிராமாகக் குறைத்தால் 29. தலா 30 கிராம் மாவில் செய்த மூன்று சப்பாத்தியில் 58 கிராம் மாவுச்சத்து, சுமை 30. இட்லி ஒன்றுக்கு 10 கிராம் மாவுச்சத்து என்று கொண்டால், நான்கு இட்லியின் சுமை 28. நார்ச்சத்து மிகுந்த அரிசியில் 150 கிராம் என்றால் 26-ஐ ஒட்டி வரும். கேழ்வரகு மாவு 80 கிராமில் கிளறிய களிக்கு, குறியீட்டை 60 என்றே நடுவில் வைத்துக்கொண்டாலும், 32.

முதல் தட்டைத் தவிர மற்ற எல்லாமே 26-க்கும் 32-க்கும் இடையில் விழுகின்றன என்பதைக் கவனியுங்கள். சோறா சப்பாத்தியா என்று வீட்டில் நடக்கும் வாதம் இந்த ஆறு புள்ளிக்குள் நடக்கிறது. 300 கிராமுக்கும் 150 கிராமுக்கும் இடையில் இருப்பது முப்பது புள்ளி. ஆகவே பொன்னிச் சோற்றையே சாப்பிட விரும்புகிறவர், சமையலறைத் தராசை வாங்கி, 150 கிராம் சோறு தம் தட்டில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால், அதுவே புதிய தானியம் வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு. அந்த அளவு முதலில் வெறுமையாகத்தான் தெரியும். மீதி இடத்தை எதனால் நிரப்புகிறோம் என்பதே அடுத்த கேள்வி.

அந்த இடத்துக்குக் கீரை மசியல், அவரைக்காய்ப் பொரியல், சுண்டல், முட்டை, மீன் போன்றவை வர வேண்டும். புரதமும் கொழுப்பும் வயிறு காலியாகும் வேகத்தைக் குறைக்கின்றன; நார்ச்சத்து குடலில் மாவுச்சத்தைச் சூழ்ந்து நொதிகளைத் தாமதப்படுத்துகிறது; புளியும் எலுமிச்சையும்கூட ஓரளவு உதவுகின்றன. எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-இல் நடந்த சிறு ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள பதினொரு பேர் அதே உணவைக் காய்கறியும் இறைச்சியும் முதலில், ரொட்டியும் சாறும் பிறகு என்ற வரிசையில் சாப்பிட்டபோது, தலைகீழ் வரிசையைவிட ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. சோற்றையும் குழம்பையும் பிசைந்து, பொரியலைத் தொட்டுக்கொண்டு சாப்பிடும் நமக்கு இந்த வரிசை இயல்பாக வராது. ஆனால் உட்கார்ந்ததும் சோறு வருவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் சுண்டலையோ பொரியலையோ முடித்துவிடுவது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

குறியீடு வழிதவறச் செய்யும் இடங்கள்

ஐஸ்கிரீமின் குறியீடு 51, சாக்லேட்டின் குறியீடு 40, வேகவைத்த உருளைக்கிழங்கின் குறியீடு 78. இந்த மூன்றையும் எண்ணின்படி வரிசைப்படுத்திச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொழுப்பு குறியீட்டைக் குறைக்கிறது, கலோரியைக் கூட்டுகிறது. ஃபிரக்டோஸின் குறியீடு 15 மட்டுமே, ஆனால் அது கல்லீரலுக்குப் போய்க் கொழுப்பாக மாறும் பாதையைக் குறியீடு காட்டுவதில்லை. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பனைவெல்லம் மூன்றும் முதன்மையாகச் சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரை 65, தேன் 61 என்ற எண்களை வைத்துப் பார்த்தால், காப்பியில் எதைப் போடுவது என்பதைவிட எத்தனை முறை போடுவது என்பதே பேசத்தக்கது.

பெரிய ஆய்வுகளும் ஒரே குரலில் பேசுவதில்லை. ஐந்து கண்டங்களில் 1,37,851 பேரைத் தொடர்ந்து கவனித்து 2021-இல் ஜென்கின்ஸும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், குறியீடு அதிகமான உணவுமுறை இதயநோயோடும் இறப்போடும் தொடர்புடையதாக இருந்தது. மாறாக, 2014-இல் அமெரிக்காவில் நடந்த ஆம்னிகார்ப் சோதனையில், ஏற்கெனவே காய்கறி, பழம், பால் நிறைந்த நல்ல உணவை உண்டவர்களுக்குக் குறியீட்டை மேலும் குறைத்ததால் இன்சுலின் செயல்பாடு மேம்படவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், மொத்தச் சாப்பாடு சீராக இருப்பவருக்கு இந்த எண்ணால் கூடுதல் பலன் சிறிது, வெள்ளை மாவுச்சத்தே சாப்பாடாக இருப்பவருக்குப் பலன் பெரிது என்று எடுத்துக்கொள்ளலாம். நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது கூட்டம்.

யாருக்கு எது?

சோறு இல்லாமல் சாப்பிட்ட உணர்வே வராது என்பவர் புழுங்கல் அரிசியையோ நார்ச்சத்து மிகுந்த அரிசியையோ வைத்துக்கொண்டு அளவைப் பாதியாக்குவதே சரி. கட்டாயத்துக்காகச் சப்பாத்திக்கு மாறியவர்கள் சில வாரங்களில் திரும்பிவிடுவதைப் பார்க்கிறோம். அளவைக் கட்டுப்படுத்த முடியாது என்று தம்மைத் தெரிந்தவருக்கு எண்ணிக்கைக்குள் அடங்கும் சப்பாத்தியும் அடையும் நல்லது. மென்று தின்னப் பொறுமையும், பல்லும், ஊறவைக்க நேரமும் உள்ளவர் முழுச் சாமை, வரகு, பழுப்பரிசிக்குப் போகலாம். கஞ்சியாகக் குடிப்பதற்குத்தான் சிறுதானியம் வாங்கப்போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தில் பாசிப்பயறு வாங்கலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் பயறையும் சிறுதானியத்தையும் கூட்டுவதற்கு முன்னால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்; புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கு அவர்களுக்கு வேறு.

எதைத் தேர்ந்தாலும் அதைச் சோதிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. ஆளுக்கு ஆள் ஏற்றம் வேறுபடுவதை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015-இல் 800 பேரை வைத்துக் காட்டியது. ஆகவே அட்டவணையைவிட உங்கள் விரல் நுனி நம்பகமானது. ஒரு நாள் மூன்று சப்பாத்தி, இன்னொரு நாள் அதே நேரத்தில் அதே தொடுகறியோடு 150 கிராம் சோறு என்று வைத்து, முதல் வாய் எடுத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். நீரிழிவு இல்லாதவர்களுக்கு அது 140-க்குக் கீழே இருக்க வேண்டும். நீரிழிவுள்ளவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு 180-க்குக் கீழ். ஒருமுறை பார்த்த எண்ணை நம்பாமல் சில முறை பார்ப்பது நல்லது, தூக்கமும் மன உளைச்சலும் முந்தைய நாள் நடையும்கூட அதை மாற்றும்.

சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், தட்டில் மாவுச்சத்தைப் பாதியாக்குவதற்கு முன்னால் மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போகலாம். அப்படித் தாழ்ந்து கை நடுங்கி வியர்க்கும்போது மட்டும் குறியீட்டு விதி தலைகீழாகிறது: அப்போது தேவை மிக வேகமாக ஏறும் 15 கிராம் குளுக்கோஸ்; கொழுப்பால் மெதுவாக இறங்கும் சாக்லேட் உதவாது. அகார்போஸ் மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரைகூட அந்த வேளையில் போதாது, ஏனெனில் சுக்ரோஸை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது; அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடியே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.